பிரேக் எடுத்த நேரம்

ஒப்பந்தம் பதினொரு பக்கம்.
ஆறாம் பக்கத்தில் சம்பளம்:
தரிப்பு பிரேக்கை எடுக்கிற நிமிடத்திலிருந்து
மறுபடி இழுக்கிற நிமிடம்வரை.
மிச்சமெல்லாம் என் சொந்த நேரம்.

சொந்த நேரத்தில் இரவு இரண்டு மணிக்கு எழும்பலாம்.
களனிப் பாலத்தில் வேன்காரன் கொட்டாவி விட
சொந்த நேரத்தில் கட்டுநாயக்கா போகலாம்.
எரிபொருள் கணக்கு, வானிலை, சக்கரத்தைக் குனிந்து பார்ப்பது
எல்லாம் என் உபயம்.
மீனம்பாக்கத்தில் மூடுபனி என்றால்
அது கலையும்வரை
கதவடியில் என் செலவில் காத்திருக்கலாம்.

தாய்க் கம்பனியில் என் எண் நாற்பத்தேழு.
இருநூற்றுப் பன்னிரண்டில் தொடங்கினேன்.
பத்தொன்பது வருடம்; நானாக ஒரு படியும் ஏறவில்லை.
ஒருவர் ஓய்வுபெற்றார், ஒருவர் டோஹா போனார்,
கப்டன் மொஹிதீன் பட்மின்டன் ஆடுகையில் விழுந்து இறந்தார்.
அன்றைக்கு நான் ஐம்பத்தெட்டு ஆனேன்.
புதுக் கம்பனியில் எண்ணே இல்லை.
இரண்டு வருடம், பிறகு பார்க்கலாம்.

நீர்கொழும்பு ஹோட்டலில் சங்கக் கூட்டம்.
ஒருவரும் கையெழுத்து வைக்கக்கூடாது என்றார் ஹேவாகே.
மேசை அதிரக் கைதட்டினோம்.
விடிய ஒன்பது பேர் வைத்திருந்தார்கள்.
அதில் ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்து தட்டியவர்.

இதற்குள் மச்சினியின் கலியாணம் சென்னையில்.
எங்கள் விமானம் தலைக்குப் பதினெட்டாயிரம் கூட.
எனக்குரிய இலவச டிக்கெட்டோ, இடமிருந்தால்தான்.
மூன்று பேர், இரண்டு பெரிய பெட்டி.
போனைத் திருப்பி பானுமதி காட்டினாள்,
நானும் கணக்குப் பார்க்கிறவன்தான்.
புதுக் கம்பனியிலேயே போட்டோம்.

திரும்பி வருகையில் படியேறும்போதே தெரிந்துவிட்டது.
வாலில் மாம்பழ நிறம் பூசியிருந்தார்கள்,
கதவு விளிம்பில் பழைய நீலம் ஒரு விரலளவு.
ஒன்பது வருடம் நான் ஓட்டிய விமானம்.
இடது கைதாங்கியில் ஒரு கீறல் இருக்கும்,
என் மணிக்கூட்டுப் பட்டி போட்டது.
பதினேழாம் வரிசையில் இருந்து
முந்நூறு ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்கினேன்.

அப்போதுதான் அந்தக் குரல்.
“உங்கள் கப்டன் தினூஷி ரத்வத்த பேசுகிறேன்.”
என் வலப்பக்கத்தில் நாலு வருடம் இருந்தவள்.
பறக்கப் படித்த கடனுக்கு
கேகாலையில் தகப்பனின் றப்பர்க் காணி ஈட்டில்.
எங்களிடம் இருந்திருந்தால்
கப்டனாக இன்னும் எட்டு வருடம்.
அந்த ஒன்பது பேரில் அவளும் ஒருத்தி.
கோபப்பட நினைத்தேன், சீட்பெல்ட் அடையாளம் எரிந்தது.

களப்பின் மேலாக இறக்கினாள்.
சக்கரம் தொட்டது மகளுக்குத் தெரியவில்லை,
எனக்குத் தெரிந்தது.
ஓடுபாதை விட்டு வந்தால் நிறுத்த இடமில்லை.
எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
ஐந்து நிமிடம். ஒன்பது. பதினாலு.
பிரேக் இன்னும் கணக்கில் ஏறவில்லை,
நிமிடத்துக்கு நிமிடம் அவளுக்குக் காசு.
முன்னால் நிற்கிற விமானம் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று
கலியாணப் பலகாரப் பெட்டியை மடியில் வைத்தபடி
வேண்டிக்கொண்டேன்.

கதவடியில் நின்றாள், தோளில் நாலு கோடு.
“சேர், நீங்களுமா?”
இந்த விமானத்திலா, இந்தக் கம்பனியிலா,
எதைக் கேட்டாளோ தெரியாது.
“கலியாணத்துக்குப் போனோம்,” என்றேன்.
அடுத்த பறப்புக்கு முப்பது நிமிடம்,
சம்பளமில்லாத முப்பது.
அதில் இரண்டை எடுத்து
மகளுக்கு உள்ளே எல்லாம் காட்டினாள்.
கீறல் இருக்கிறதாம், அப்பா.

வெள்ளவத்தையில் லிப்ட் வேலை செய்யவில்லை.
ஐந்து மாடி, இரண்டு பெட்டி.
சாப்பாட்டு மேசையில் பதினொரு பக்கமும் அப்படியே,
காற்றுக்குப் பறக்காமல் பானுமதி
மேலே ஊறுகாய்ப் போத்தல் வைத்திருந்தாள்.
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
இன்றைக்குப் புதன்,
என் சொந்த நேரம்.